பாப்பாவின் அக்கா

காலையில் அப்பாவின் கார் கல்லூரி வாசலில் வந்து நின்றபோதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

இதே கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நான் நேர்காணலுக்கு வந்தபோது பஸ்ஸில் வந்தேன். தனியாக. அப்பாவுக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை, அம்மாவுக்குக் கால் வலி. "நீ தைரியசாலி, போயிட்டு வந்துடுவ" என்று அனுப்பி வைத்தார்கள். இந்தத் தைரியசாலிப் பட்டம் இருக்கிறதே, அது மூத்த பிள்ளைகளிடம் செலவில்லாமல் வேலை வாங்குவதற்காகவே கண்டுபிடித்தது. இன்றைக்குத் தங்கச்சி வருகிறாள் என்றதும் அப்பா லீவே போட்டுவிட்டார். கையில் பிளாஸ்க். பின் சீட்டில் தலையணை வேறு. மகாராணி வழியில் தூங்கிக்கொண்டு வந்தாளாம்.

அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பாப்பா. எனக்கு அடுத்துப் பிறந்தவள், அந்தப் பள்ளியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். அப்படியும் அங்கே வாத்தியார்கள் எனக்கு வைத்த பெயர் 'பாப்பாவோட அக்கா'. கடைக்காரர் முதல் வேன் டிரைவர் வரை அதேதான். அவள் ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் நான் நானாக இருந்தேன். இங்கே என் வகுப்பு எனக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னுடைய மூஞ்சியைப் பார்த்து, எனக்கென்று வைத்த பெயர் அல்லவா? அந்த ஒரு இடத்துக்கும் இப்போது பாப்பா வருகிறாள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று அவள் அடம் பிடித்தபோது, உலகத்தில் வேறு படிப்பே இல்லையா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "உன்னைப் பாத்துத்தாண்டி அவளும் ஆசைப்படுறா, பெருமைப்படுவியா" என்றாள் அம்மா. எங்கே இருந்து பெருமைப்படுவது?

மூன்றாம் ஆண்டு மாணவர்கள்தான் நேர்காணலுக்கு வருகிறவர்களை வரவேற்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் கொடுப்பது, கோட்டு கொடுப்பது, நாய் வார்டு, பேட்டி அறை, மாட்டுக் கொட்டகை என்று வரிசையாக அழைத்துப் போவது. நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு நான் வாசலில் நின்று எல்லாருக்கும் "வாங்க, வாங்க" போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா!"

"இங்க அக்கானு கூப்பிடாத" என்றேன் காதோடு. "எல்லாரையும் போல இரு."

"ஏன்க்கா?"

"ரூல்ஸ்."

அப்படி ஒரு ரூல்ஸும் கிடையாது. ஆனால் அவள் நம்பிவிட்டாள். அப்பாவையும் காருக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

காத்திருப்பு அறையில் பிள்ளைகள் எல்லாம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மாட்டின் நான்கு இரைப்பைகளையும் முணுமுணுவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். என்ன சொன்னாளோ, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த மூலையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. என்னோடு வரவேற்புக்கு நின்ற என் வகுப்புத் தோழன், நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுகிறவன், என்னை இடித்தான்.

"யாரு இந்தப் பொண்ணு? செம ஜாலியா இருக்கா. இவளுக்குக் கண்டிப்பா இடம் கிடைச்சுடும் பாரு."

"எனக்கென்ன தெரியும்? யாரோ" என்றேன்.

முதலில் நாய் வார்டு. அங்கே நீலக் கோட்டு. மாட்டுக் கொட்டகைக்குப் பச்சைக் கோட்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்குள் போகவே கூடாது என்பது எங்கள் கல்லூரியில் எழுதாத சட்டம். அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு சீனியர் நாய் வார்டிலிருந்து அதே கோட்டோடு நேராகக் கன்று ஈன்ற மாட்டிடம் போனார். மாடு பரம சாது. ஆனால் கன்றுக்குப் பக்கத்தில் நாய் வாடை வந்தால் எந்தத் தாயும் சாது இல்லை. கம்பித் தடுப்போடு வைத்து ஒரே நசுக்கு. அவருக்குத் தோள் எலும்பு உடைந்தது.

நாய் வார்டில் கால் முறிந்த ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டி இருந்தது. அதற்குக் கட்டுப் போட்டது நான். ஒரு வாரமாகப் புண்ணைத் துடைத்தது நான். அந்தக் குட்டி என் கையிலிருந்து ஒரு வாய்கூட வாங்கவில்லை. பாப்பா போய் எதிரே தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். அது நொண்டிக்கொண்டே வந்து நக்கிச் சாப்பிட்டது. நாய் நன்றியுள்ள பிராணி என்று எழுதினவர் இந்தக் குட்டியைப் பார்த்திருக்க மாட்டார்.

வார்டு நர்ஸ் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அடடா, உனக்குக் கைராசிம்மா!" என்றார். மூன்று வருஷமாக அந்த வார்டில் வேலை செய்கிறேன், என் கையைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பேட்டி அறையில் பாப்பா உள்ளே இருந்தபோது கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. கேள்வி கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள்! என் பேட்டியில் மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது. முதல் தடவை என்னைத் திருப்பி அனுப்பினார்கள். மறு வருஷம்தான் எடுத்துக்கொண்டார்கள். இவளுக்கு மட்டும் எல்லாம் மடியில் வந்து விழ வேண்டுமா?

அவளுக்குப் பச்சைக் கோட்டைக் கொடுத்துக் கொட்டகைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவள் முறை வந்து கூப்பிடப் போனால் ஆளைக் காணோம். எங்கே போயிருப்பாள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நாய் வார்டு வாசலுக்குப் போனேன். பச்சைக் கோட்டின் மடியில் நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ வந்து சேரும்மா, இந்த வார்டுக்கே ஒரு களை வரும். இங்க ஒருத்தி இருக்கா, சிடுமூஞ்சி. அவ வந்தாலே நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடுது."

பாப்பா சிரித்தாள். சிடுமூஞ்சி யார் என்று அவளுக்குத் தெரியாது, அந்தப் பெயரை நான் வீட்டில் சொன்னதில்லை. அதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது அவள் சிரித்தாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"உன் முறை வந்தாச்சு. எழுந்திரு" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு முன்னால் நடந்தேன். அவள் ஓடித்தான் வர வேண்டியிருந்தது. 'ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ சொதப்பணும்' என்று நடக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த எரிச்சலில், நாய் படுத்த கோட்டோடு அவள் வருகிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கொட்டகையில் இருந்த மாட்டை நாங்கள் டீச்சர் என்போம். ஊசி போடுவது முதல் காய்ச்சல் பார்ப்பது வரை எல்லாரும் அதன் மேல்தான் பழகினோம். யார் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். சில நாட்களுக்கு முன்புதான் கன்று ஈன்றிருந்தது. கன்று பக்கத்துத் தடுப்பில் படுத்திருந்தது. நேர்காணலுக்கு வந்தவர் உள்ளே போய், மாட்டின் தோளைத் தொட்டு, அதனிடம் என்ன கவனித்தார் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஹெட் மேடம் வெளியே நின்று மார்க் போடுவார். உள்ளே போனவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் உள்ளே இருப்பவருக்கு அந்த இடத்துக்கு மார்க் ஜீரோ. ஒரு இடத்தில் ஜீரோ வாங்கினால் அந்த வருஷம் கதை முடிந்தது. காலையில் எல்லாரையும் நிற்க வைத்து மேடம் அதைச் சொல்லியிருந்தார்.

பாப்பா உள்ளே போனாள். சும்மா சொல்லக் கூடாது, அழகாகப் போனாள். பின்னாலிருந்து போகாமல், மாட்டின் கண்ணில் படும்படி பக்கவாட்டில், மெல்லப் பேசிக்கொண்டே. இதை எனக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. மேடத்தின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

டீச்சர் மூக்கை நீட்டி அவளை முகர்ந்தது. அசை போட்டுக்கொண்டிருந்த வாய் நின்றது. கன்றைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது. பாப்பா அதைத் தனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக் கொண்டாளோ என்னவோ, இன்னும் ஒரு அடி கிட்டே போனாள். அப்போதுதான் நான் பார்த்தேன். பச்சைக் கோட்டின் மடி முழுக்கப் பழுப்பு முடி.

"பாப்பா! வெளிய வா! நாய் வாடைடி, கோட்டுல நாய் வாடை! வெளிய வாடி!"

கொட்டகையே அதிரும்படி கத்தியிருக்கிறேன். பாப்பா துள்ளிக் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். டீச்சர் ஒரு தடவை புஸ்ஸென்று மூச்சு விட்டது. திரும்பிப் போய்க் கன்றை நக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு பாப்பா?"

"என் தங்கச்சி, மேடம்."

"காலைல இருந்து இதை ஏன் சொல்லல?"

"கோட்டுல நாய் வாடை இருக்கு மேடம். போன வருஷம் சீனியருக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். மாடு பாய்ஞ்சிருக்கும்."

"சரி. அந்தக் கோட்டோட இங்க கூட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தான்."

மேடம் பாப்பாவின் முழங்காலில் அடிபட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கெட்டவர் இல்லை அவர்.

"இன்னொரு தடவை உள்ள விடுங்க மேடம்" என்றேன். "தப்பு என்னோடது."

"உன் தங்கச்சியா இல்லாம இருந்தா விட்டிருப்பேன். அக்கா இங்க படிக்கறா, அதான் ரெண்டு தடவை விட்டாங்கன்னு வெளிய உக்காந்திருக்கற அத்தனை பேர் வீட்டுலயும் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லுவேன்?" கையிலிருந்த அட்டையில் பேனாவை வைத்தார். "ஜீரோதான். மன்னிச்சுக்கம்மா."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் உடம்பு லேசாகிவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போனது. பாப்பா இங்கே வரமாட்டாள். இந்த வார்டும் இந்தக் கொட்டகையும் இந்தச் சிடுமூஞ்சிப் பெயரும் எனக்கே எனக்கு. என்னை அறியாமல் நீளமாக ஒரு மூச்சு விட்டேன். நிமிர்ந்தால் பாப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே குழாயடியில் பூட்ஸைக் கழுவினாள். நான் பக்கத்தில் நின்றேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"மாடு நெஜமாவே பாய்ஞ்சிருக்குமாக்கா?"

"சத்தியமா பாய்ஞ்சிருக்கும் பாப்பா. தலையைத் தாழ்த்திடுச்சு, நான் பாத்தேன். வேணும்னு கத்தல. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து..."

"தெரியும்."

"அம்மா மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் வேண்டாம்க்கா. நீ என்னைக் காப்பாத்தத்தான் கத்தின. அதை நான் நம்பறேன்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் தோளைத் தொடப் போனேன். பாப்பா குழாயை மூடினாள். பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள்.

"ஆனா மேடம் ஜீரோன்னு சொன்னப்போ நான் அவங்களைப் பாக்கல. உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்."

நான் கையிலிருந்த கோட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அப்பாகிட்ட போறேன்" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். கொட்டகைக்குள்ளிருந்து மேடம் அடுத்த ஆளை அழைத்து வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.