பித்தளைக் குடத்துத் தண்ணீர்

முதல் டப்பாவைத் திறந்த வேம்பு அவசரமாக அடுத்ததையும் திறந்தாள். வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டிய பித்தவெடிப்புக் கிரீம், மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து கிடந்தது. நூறு டப்பாவும் அப்படித்தான். மறுநாள் மன்னார்குடியில் மகளிர் குழுக்களின் கண்காட்சி.

"கிண்டச் சொன்னா ஊர்க்கதை பேசிக்கிட்டு நின்னிருப்பே. இனிமே அடுப்புப் பக்கம் வராத. டப்பா கழுவு, போதும்" என்றாள் குழுத் தலைவி மங்களாம்பிகை.

கூலிநெல் அரை மரக்கால் கூடுதலாகக் கேட்டதற்காக வேம்புவின் அப்பா தங்கையனைக் கட்டிவைத்து அடித்தது மங்களாம்பிகை வீட்டுக் களத்தில். அங்கேதான் இப்போது குழுவின் கொட்டகை. திறப்பு விழாவில் ஒரு கரைவேட்டி, எண்ணெயும் தண்ணீரும்போல இருந்த மங்களாம்பிகை தெருவும் வேம்புவின் தெருவும் இந்தக் கிரீமாட்டம் கலந்துவிட்டது என்று முழங்கினார். கைதட்டலுக்கு என்ன பஞ்சம்! சும்மா கலக்காது என்பது அடுப்படியில் வேகிறவளுக்குத்தான் தெரியும். எமல்சிஃபையர் மெழுகை எண்ணெயில் உருக்க வேண்டும். அது ஒரு கையால் எண்ணெயையும் மறுகையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் எண்ணெய் அளவுக்குச் சுட வேண்டும். பச்சைத்தண்ணீர் பட்டால், பிடிப்பதற்குள் மெழுகு உறைந்துவிடும்.

நேற்று தண்ணீரைச் சுடவைத்துவிட்டுத்தான் அவள் விறகெடுக்கப் போனாள். திரும்பியபோது சட்டி காலி. "நானே எண்ணெயில ஊத்திட்டேன்" என்றாள் மங்களாம்பிகை. வேம்புவும் நம்பிக் கிண்டினாள். இன்றுதான் அடுப்புக்குப் பின்னால் மங்களாம்பிகை வீட்டுப் பித்தளைக் குடம் கண்ணில் பட்டது.

"என் தண்ணிய என்ன பண்ணீங்க?"

"கொட்டிட்டு எங்க வீட்டுக் குடத்துத் தண்ணிய ஊத்துனேன். உங்க தெருப் பம்புத் தண்ணியில செஞ்சத எங்காளுங்க ஒடம்புல பூசுவாங்களா?"

வேம்பு குடத்தை முன்னால் இழுத்து வைத்தாள். தண்ணீரையும் கொட்டிவிட்டு, பழியையும் தன் தலையில் போடுகிறாளே!

"நாத்து நட்டு எங்க கால் வெடிச்சாத்தான் உங்க வீட்டுல உலை கொதிக்குது. அந்தச் சோறு மட்டும் எப்படி எறங்குது?"

கேட்டுக்கொண்டிருந்த குழுப் பெண்கள் வாசல்பக்கம் கூடிவிட்டார்கள். மீதி மெழுகு ஒரு தரத்துக்குத்தான் வரும். வேம்பு அதை எண்ணெயில் போட்டாள். தன் தெருப் பம்பில் அடித்து வந்த தண்ணீரை இன்னொரு அடுப்பில் ஏற்றினாள். இரண்டும் சுட்டதும் கரண்டியை மங்களாம்பிகையிடம் நீட்டினாள்.

"எங்க தெருத் தண்ணிய நான் ஊத்துறேன். நீங்க கிண்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

மங்களாம்பிகை குடத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பெண்கள் யாரும் வழிவிடவில்லை. தண்ணீரில் ஆவி பறந்தது. வேம்பு நீட்டிய கையை மடக்கவில்லை.