இணைச்சீருக்கு நிற்க வேண்டியவள்

அருள்குமார் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். குளித்தான். கடை மாவில் மூன்று தோசை சுட்டு, நின்றபடியே தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். மணி ஆறரை. ஞாயிற்றுக்கிழமை, பம்ப் கம்பெனிக்கு விடுமுறை. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்தான். மனைவி மோகனப்பிரியா இறந்து ஏழு மாதமாகியும் அவன் எந்த வேலையையும் விட்டுவிடவில்லை. ஆள் தேறிவிட்டான் என்று கருமத்தம்பட்டியில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது சட்டையில் இருந்தபோது கேட் திறந்தது. மாமியார் சென்னியம்மாள். பல்லடத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும்.

"சாப்புட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சுங்க அத்தை. நீங்க?"

"எனக்கென்னங்க சாப்பாடு. அவன் என்ற உசுரை வாங்கறான்."

அவன் என்றால் தமிழ்வேந்தன், மோகனப்பிரியாவின் ஒரே தம்பி. வால்பாறையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கார்த்திகையில் நடக்க வேண்டிய அவன் கல்யாணம், அக்கா போனதால் வைகாசிக்குத் தள்ளிப்போயிருந்தது. இன்னும் பத்து நாள்.

"இணைச்சீருக்கு ஆரும் நிக்கக் கூடாதுங்கறான். அந்த எடம் காலியா இருக்கட்டுமாம். அவங்க பெரியப்பன் மக ரங்கநாயகி நிக்கறேங்கறா. வேண்டாங்கறான். பொண்ணூட்டுக்காரங்க இன்னிக்குப் பொழுதோட வர்றாங்க. இணைச்சீரு இல்லாம தாலி கட்டறதுன்னா எங்களுக்குச் சரிப்படாதுன்னு போன்லயே சொல்லிப்போட்டாங்க."

தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்கு இணையாகக் கூடப்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் அது. அவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டில் அக்கா தங்கை முறை ஆகிற ஒருத்தி நிற்பாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"அவங்க அக்கா கடைசியாச் சொல்லீட்டுப் போனாளாமா, இணைச்சீரு நான்தான் செய்வேன்னு. உங்ககிட்டத்தான சொன்னா? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பான்."

அருள்குமார் இஸ்திரிப்பெட்டியை அணைத்தான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அதைச் சொன்னது அருள்குமார்தான்.

மோகனப்பிரியாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள். தமிழ்வேந்தன் வால்பாறையிலிருந்து இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "அக்கா கடைசியா என்னங்க மாமா சொல்லுச்சு?" என்று கேட்டான். அந்த நேரத்துக்குத் தகுந்தாற்போல் ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று அருள்குமாருக்குத் தோன்றியது. கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்த சமயம். வாயில் வந்தது அது.

அவன் ஒற்றைப்பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவனுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் பிடிபடவில்லை. தினமும் எட்டு மணிக்கு அவள் தம்பியைக் கூப்பிடுவாள். "என்னடா கொழம்பு?" "ரசம்." "நேத்தும் ரசந்தான?" "ஆமா." "சரி, வெய்யி." அவ்வளவுதான். இதற்கு ஒரு போனா என்று அவன் ஒருமுறை சிரித்திருக்கிறான். "உங்களுக்குப் புரியாதுங்க" என்றாள், கோபமில்லாமல்.

மாமியாரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பல்லடம் போனான்.

தமிழ்வேந்தன் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். தலை, மீசை எல்லாம் சுண்ணாம்பு.

"வாங்க மாமா. அம்மா காலங்காத்தால போய்ப் புடிச்சாந்துருச்சா?"

"ஆளு வெக்கலியா?"

"வெச்சா இந்த வேலை தீந்துரும். அப்பறம் எல்லாரும் என்ற மூஞ்சியப் பாத்துட்டே உக்காந்திருப்பாங்க."

சென்னியம்மாள் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ரங்கநாயகி நின்னா என்ன தமிழு?" என்றான் அருள்குமார்.

"நல்ல புள்ளைதானுங்க. போன தீவாளிக்கு வந்துட்டு என்ற பேரு வாயில வராம 'ஏனுங்க தம்பி, நீங்க எந்தூருங்க'ன்னு கேட்டுச்சு. அதைக் கொண்டாந்து எனக்கு இணையா நிறுத்தோணுமா?" சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா கேட்டது அது ஒண்ணுதானுங்க மாமா. அதையும் வேற ஒருத்திக்குக் குடுத்துப்போட்டா நானெல்லாம் என்ன தம்பி? கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்."

"அவ கேக்கலை."

தமிழ்வேந்தன் கையிலிருந்த வெள்ளையடிக்கும் மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

"இணைச்சீரைப் பத்தி அவ ஒண்ணுமே சொல்லலை. நீ கேட்டே. நானாத்தான் அப்படிச் சொன்னேன்."

தமிழ்வேந்தன் மட்டையை வாளியில் போட்டான். அடிப்பான் என்று அருள்குமார் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"ஏழு மாசமா அதையே நெனச்சுட்டு இருக்கறேன். கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல வந்து நிக்கோணும்னு எத்தனை ஆசையா இருந்திருக்கும், நா வர்றதுக்குள்ள போயிட்டாளேன்னு தினமும் அதையே நெனச்சுத் தூங்காம கெடக்கறேன். ஏனுங்க மாமா இப்படிச் செஞ்சீங்க?"

சென்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தமிழ்வேந்தன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். திரும்பி வந்து, அம்மாவைப் பார்க்காமல் சொன்னான்.

"ரங்கநாயகி அக்காவுக்குப் போனப் போடும்மா. வந்து நிக்கச் சொல்லு. பொண்ணூட்டுல கேட்டா எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லிப்போடு."

சென்னியம்மாள் உள்ளே போனாள். அவன் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அருள்குமாரும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப என்னைப் பத்தி அக்கா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னா."

"என்னன்னு?"

"உனக்கு ஒண்ணு செய்யச் சொன்னா. நான் செய்யலை. நீ வந்தப்போ அது எனக்கு ஞாபகத்துலயே இல்லை. அப்புறம் நெனப்பு வந்தப்போ சொல்ல வாய் வரலை."

"இப்பச் சொல்லுங்க. இருக்கறபடியே சொல்லுங்க மாமா. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க."

அருள்குமார் சொன்னான். அன்று மத்தியானம் இரண்டே கால் மணி. தம்பி பஸ் ஏறிவிட்டானா என்று கேட்டாள். ஏறிவிட்டான் என்றான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு திறக்காமலே பேசினாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

"ஏனுங்க, அவனுக்கு மலை எறங்குனாலே வாந்தி வரும். வந்ததும் மொதல்ல உக்கார வெச்சு ஒரு சோடா வாங்கிக் குடுங்க. என்னை அப்பறமேட்டு பாத்துக்கட்டும்."