சீட்டில் விழுந்த கோச்

அந்த வாரம் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் பசியாவரத்தில் பாடு பிரிக்கிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பூவரசன் சென்னையில் ஏதோ ஓட்டலில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரப் போகிறாராம். கோச் சொல்லிவிட்டாராம்!

பாடு என்றால் ஏரியில் வலை போடும் முறை. இறால் கிடைக்கிற இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அடித்துக்கொள்ளாமல் இருக்க, கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பார்கள். விழுந்த இடத்தை மாற்றக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. அன்றைக்கு ஆள் நேரில் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பேர் திரும்பச் சேருவது லேசில்லை. மாமனார் வழியாக வந்த இடம் அது. அது போனால் நாங்கள் ஊரில் யார்?

கோச் என்ற பேச்சே என்னால்தான் வீட்டுக்குள் வந்தது. மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து நீந்திக் கரையேறினதிலிருந்து இவருக்குச் சரியான தூக்கமில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல." மீஞ்சூரில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு ஒரு லைஃப் கோச் வந்து பேசினார். எந்தப் பக்கம் போவது என்று குழம்பி நிற்கிறவர்களோடு பேசி, அவர்களே வழி தேடிக்கொள்ள உதவுகிற வேலையாம். விசாரித்து அந்த மாதிரி மூன்று கோச்சுகளின் பெயரும் நம்பரும் கொண்டுவந்தேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி, அம்மன் படத்துக்கு முன்னால் ஒன்றை எடுத்தார். மோகன்குமார் என்று வந்தது. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதானே.

அந்த மோகன்குமார் முதல் நாளே, "ஒரே மாசத்துல உங்க வாழ்க்கைய மாத்திக் காட்டுறேன், கேரண்டி" என்றார். விடியற்காலையில் கரையில் நின்று "நான் சிங்கம்" என்று கத்தச் சொன்னார். இவர் கத்தினார். கொக்குகள் பறந்துபோனதுதான் மிச்சம். "இன்னா பூவரசா, சிங்கமா, சிங்கி இறாலா?" என்று ஊரே கேலி செய்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் எதையும் பேசாதே, குடும்பம்தான் காலைக் கட்டும் என்று சொல்லியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானே போன் போட்டேன். "நீங்க எங்க படிச்சீங்க சார்? அவருக்கு ஒத்து வரலன்னா நடுவுல நிறுத்திக்கலாமா?"

"கேள்வி கேக்கிறவங்க முன்னேற மாட்டாங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

இவரிடம் சண்டைக்குப் போனேன். "அந்த ஆள விட்டுடு."

"சீட்டுல விழுந்துச்சே. எப்டி மாத்துறது?"

"யோவ், ஏரில இடத்துக்கு ஊரே போட்டி போடுது, அதுக்குச் சீட்டு. இந்த ஆளுக்கு எவன்யா உன்னோட போட்டிக்கு வந்தான்? ஒத்துவந்தா பேசு, வரலன்னா வேற ஆளப் பாரு!"

அவர் அம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, நீயே பாரு" என்றார்.

மிச்சம் இருந்த இருவரில் ஒருவர் போனை எடுக்கவே இல்லை. இன்னொருவர் ஜமுனா. எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். "மொதல்ல ஒரு தடவ பேசிப் பாக்கட்டும். பிடிக்கலன்னா விட்டுடலாம். தூக்கம் இல்லாததுக்கு டாக்டரையும் பாருங்க, அது என் வேலை இல்ல" என்றார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம பாடு பிரிக்கிற எடத்துக்குப் போவச் சொல்லுங்க மேடம், அது போதும்."

"அத நான் சொல்ல மாட்டேங்க. போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

அப்புறம் எதற்கு இந்தம்மா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் போனை இவரிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா பூவரசன்?"

"வூட்டுக்காரி கீறா."

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

ஏதேதோ பேசினார்கள். கடைசியில் அந்தம்மா கேட்டார்: "ஞாயித்துக்கிழமை சென்னைக்கும் போக வேணாம், பாட்டுக்கும் போக வேணாம்னு வச்சுக்கோங்க. எப்படி இருக்கும்?"

நான் உலை அரிசியைக் கிளறுவதை நிறுத்தினேன்.

"மூச்சு வரும்."

"இப்ப எங்க மூச்சு முட்டுது?"

"ஏரில. படகுல கால வச்சாலே கவுந்த மாரியே இருக்குது. பயமா கீது மேடம்."

பாட்டுக்குப் போ என்று சொல்ல வைக்க ஆள் தேடினவள் நான். இந்தப் பதிலை நான் கேட்கவே விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சென்னைக்குப் போகவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. நானும் பின்னாலேயே போனேன். பாடு பிரிக்கிற இடத்தில் பெண்கள் பேச மாட்டோம், மதிலோரம் நிற்பதோடு சரி. என்னால் நிற்கவும் முடியவில்லை.

தலைவர் செங்கல்வராயன் மாமா பேரைக் கூப்பிட்டார். இவர் எழுந்தார்.

"என் பேர எடுத்துருங்க மாமா. எனக்குத் தண்ணியப் பாத்தா பயமா கீது. மீஞ்சூர்ல வேல பாத்துக்கிறேன்."

"யார்ரா சொல்லிக் குடுத்தது? அந்த சிங்கக்காரனா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. ஒருத்தங்க கேட்டாங்க. நான் சொன்னேன்."

கூட்டத்தில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவர் கழுத்து சிவந்தது, ஆனால் தலையைக் குனியவில்லை.

"எவன்டா அவன் சிரிச்சது?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். மதிலோரத்தை விட்டு ஆண்களுக்கு நடுவில் வந்து நின்றிருந்தேன். "கவுந்த படகுலேர்ந்து நீந்தி வந்த ஆளு இது. உங்கள்ல எவனுக்காவது பயமே இல்லன்னா எழுந்து சொல்லுங்க, பாக்கலாம்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா என்னையும் அதட்டவில்லை. இவர் பேரை அடித்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.