பாதி பாரம்

காலையில் நிரப்பி மகளின் மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான். மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. போன வருஷம் நான் திட்டியதைக்கூட ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லக்கூடியவள் அவள். வயது பதின்மூன்று. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் கிடையாது. கால்களுக்கு வர வேண்டிய பலமெல்லாம் வாய்க்குப் போய்விட்டது என்பேன். அதனால் வீட்டில் அவள் பெயர் வாயாடி.

"ஏன்டி குடிக்கல?"

"தாகம் எடுக்கல."

"இந்த வெயில்ல ஒட்டகத்துக்கே தாகம் எடுக்கும். உண்மையைச் சொல்லு."

சக்கர நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள். "குடிச்சா பாத்ரூம் போகணும். அப்பா தூக்கணும். அப்பாகிட்ட சொல்லிடாதம்மா."



போன வாரம் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தூக்கியவர் அப்படியே முழங்காலில் விழுந்தார். அவளைத் தரையில் படவிடவில்லை, தன் மேலேயே தாங்கிக்கொண்டார். நெற்றியில் வேர்வை வழிய, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை என்பது பாட்டிலைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

அவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. நாள் முழுக்கக் குனிந்தும் மண்டியிட்டும் இருப்பவர், மதியம் அவளைத் தூக்கி இறக்குவதற்காகவே வீட்டுக்கு வந்துபோவார். நான் ஒல்லிக்குச்சி. நான் தூக்கப்போனால் எங்கள் இரண்டு பேரையும் தூக்க மூன்றாவது ஆள் வர வேண்டும். என்னால் முடிந்தது, சாயங்காலத்தில் அவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்ப்பதுதான். முதுகின் இடதுபக்கம் காய்ந்த சிமென்ட் மாதிரி இருக்கும். உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி இளக்குவேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே இறுக்கம்.

ஒரு வழியாக மூன்று பேருமாகப் பிசியோதெரபிக்குப் போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு என் தம்பி மனைவியின் வயதுதான் இருக்கும். அவரைப் படுக்கவைத்து, முதுகெலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் மெதுவாக நீவிக்கொண்டே போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் தானாக இறங்கின. அவ்வளவு அமைதியாக அவர் முகத்தைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"இப்ப உங்க பொண்ணைத் தூக்கப் போறதா மனசுல நெனச்சுக்கோங்க. அசைய வேணாம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். இளகியிருந்த சதை என் விரலுக்கடியில் கல்லாகிக்கொண்டிருந்தது.

"நெனச்சதுக்கே இறுகிடுச்சு, பாருங்க. மூச்சையும் பிடிச்சுக்கிட்டாரு. நீங்களும் நானும் எவ்வளவு நீவினாலும், தூக்குற விதம் மாறலன்னா இது மாறாது." வாயாடி பக்கம் திரும்பினாள். "அப்பா தூக்கும்போது நீ என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அசையக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. செத்த பல்லி மாதிரி கெடப்பேன்."

"அதான் கனக்குற. தூங்குற குழந்தை முழிச்சிருக்கிற குழந்தையைவிடக் கனக்கும், இல்லையா? சக்கரம் தள்ளித் தள்ளி இவ கை எப்படி உரமேறியிருக்கு பாருங்க. பாதி பாரத்தை இவகிட்ட குடுங்க."

அவர் எழுந்து சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். "விழுந்துட்டா நீங்களா வந்து நிப்பீங்க?" என்று கேட்டார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் எனக்குப் பொறுக்கவில்லை. ரகசியம் தங்கும் வயிறு எனக்கு எப்போதுமே இல்லை. பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

"உங்க முதுகு உங்க இஷ்டம். உங்களுக்கு வலிக்கும்னு இவ தண்ணியே குடிக்கிறதில்ல. தெரியுமா?"

"நெஜமாவாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

வாயாடி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துடுவியோன்னுதான் அசையாதன்னு சொன்னேன்."

"தெரியும்பா. ஆனா எனக்குக் கை இருக்கு."

மறுநாள் அவரே அந்தப் பெண்ணிடம் போய் முறையைக் கேட்டுக்கொண்டு வந்தார். மகளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டார். அவள் மூக்கு முழங்காலைத் தாண்டும் அளவுக்கு முன்னால் சாய வேண்டும். ஒரு கை மெத்தையில், ஒரு கை நாற்காலியில் ஊன்றித் தன்னைத் தூக்க வேண்டும். அவர் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி இடுப்பில் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

முதல் தடவை அவள் ஊன்றுவதற்குள் இவர் அள்ளித் தூக்கிவிட்டார்.

"அப்பா! எனக்கும் கொஞ்சம் விட்டுவை!"

மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஊன்றினாள். உடம்பு மெத்தையைவிட்டு ஒரு சாண் எழும்பியது, ஆடியது, நாற்காலியில் கோணலாக வந்து விழுந்தது. நான் சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அவர் முழங்கால் மடக்கிய நிலையிலேயே நின்றார்.

"வலிச்சுதாப்பா?"

"இல்லம்மா." கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "பாரமே தெரியல."

அதற்கா ஒரு மனிதன் அழுவான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதின்மூன்று வருஷம் அந்தக் கனம் முழுக்கத் தன்னுடையது என்று இருந்தவர். அதில் பாதியை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி நின்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவள் அவர் தயவே இல்லாமல் எழும்பி நாற்காலியில் உட்காரப் பழகிவிட்டாள். அவர் முதுகும் இளக ஆரம்பித்திருந்தது. இன்று காலை நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள்.

"கையை எடுப்பா."

"எடுத்துட்டேன்."

எடுக்கவில்லை. ஐந்து விரலும் அவள் இடுப்பில்தான் இருந்தன. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சரி, இருக்கட்டும்" என்றாள் அவரிடம். "அமுக்காம வச்சுக்கோ."