இரண்டு செம்புப் பால்

2016 தைப்பொங்கலன்று காலை பத்தே முக்காலுக்கு ஒரு பெண் கோசலையின் கடைக்குள் வந்து, கையால் சாணளவு காட்டி, இந்த உயரத்தில் இரண்டு பித்தளைச் செம்பு வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"வாங்கோ பிள்ளை" என்றுதான் கோசலை தொடங்கியிருந்தாள். முகம் தமிழ் முகம். நெற்றியில் திருநீறு. ஆனால் பிள்ளைக்குத் தமிழ் விளங்கவில்லை.

பாரிசின் லா சப்பலில் பூசைச் சாமான் கடை வைத்துப் பதினெட்டு வருடம். கதவைத் திறக்கும் விதத்திலேயே யார் என்ன வாங்க வந்தார் என்று கோசலைக்குத் தெரிந்துவிடும். இவள் பிடிபடவில்லை. பெண் பன்னிரண்டு செம்புகளை இறக்குவித்து, இரண்டு இரண்டாகக் கையில் ஏந்திப் பார்த்தாள். கடைசியில் ஒரு சோடியைத் தெரிந்தெடுத்தாள்.

"காவடியின் இரண்டு நுனியிலும் கட்டவேண்டும். பாரம் ஒத்திருக்கவேண்டும்."

கோசலைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து மகன் சேந்தன் உள்ளே வந்தான்.

"அம்மா, இதுதான் ரோசாலி."

கோசலை செம்பைக் கீழே வைத்தாள். மூன்று மாதமாக வீட்டில் சண்டை கிளப்பிய பெயர் அது. மகனோடு விமான நிலையத்தில் வேலை செய்கிறாள், மொரிசியஸ்காரி, கட்டினால் அவளைத்தான் கட்டுவானாம்.

"தமிழ் தெரியாது. பேர் ரோசாலி. அவ தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப்போறாவாம்" என்று கோசலை பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

சேந்தன் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தான்.

"என் அம்மா பெயர் ஜெர்மேன்" என்றாள் ரோசாலி. "அவர் பதினாறு முறை எடுத்திருக்கிறார்."

கோசலையின் கணவர் தவரத்தினம் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தத் தீவு எங்கை கிடக்கு? ஒருக்கால் காட்டு பாப்பம்."

சுவரில் தொலைபேசி அட்டைக் கொம்பனி கொடுத்த உலகப்படம் இருந்தது. அதன் மேலேயே ஆணி அடித்துக் கலண்டர் மாட்டியிருந்தார்கள். சேந்தன் ஆப்பிரிக்காவிலிருந்து விரலை இழுத்துக்கொண்டு வந்து, கலண்டரைத் தூக்கி, ஆணியில் நிறுத்தினான்.

"ஆணிக்குக் கீழை இருக்கு."

"வெறும் கடல்தானே எண்டு அடிச்சனான்" என்றார் தவரத்தினம்.

முதலில் சிரித்தவள் ரோசாலி. தீவு சின்னதுதான் என்றாள். காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மறுகரை. நடுவில் கரும்பு. கரும்புக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மலை. மலை இருந்தால் அதில் முருகன் இருப்பான். கிழக்கே ஆஸ்திரேலியா வரை பெரிய நிலம் கிடையாது. புயல் நேரே வந்து வாசலில்தான் நிற்கும்.

"காவடியை ஆற்றங்கரையிலிருந்து எடுப்போம். எங்களுக்கு ஜனவரி கோடை. தார் கொதிக்கும். வீதியில் இருப்பவர்கள் காலடியில் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வெயிலில் மூன்று மணி நேரம் செம்பில் பால் இருக்கும். பத்து நாள் விரதம் சரியாக இருந்தால் திரையாது."

"எங்கட ஊரிலை ஆரும் அதைப் பாக்கிறேல்லை" என்றாள் கோசலை. பிறகு பிரெஞ்சில் கேட்டாள். "திரைந்தால்?"

"கேட்டதை விட்டுவிடவேண்டும்."

"நீ என்ன கேட்கப்போகிறாய்?"

ரோசாலி சேந்தனைப் பார்த்தாள். சேந்தன் கற்பூரப் பெட்டிகளைப் பார்த்தான்.

"திரைந்தால் விடுவாயோ?"

"விடுவேன்" என்றாள் ரோசாலி. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கோசலைக்கு விளங்கியது.

"இஞ்சத்தைக் குளிருக்குப் பால் எப்பிடித் திரையும்? பெட்டிப் பால் மூண்டு மாதம் கிடக்குது!" என்றாள் கோசலை.

பெட்டிப் பால் இல்லை, என்றாள் ரோசாலி. நகருக்கு வெளியே, கூசேன்வில்லுக்கு அப்பால் ஒரு பண்ணையில் காய்ச்சாத பால் சொல்லிவைத்திருக்கிறாள். வெயில் இல்லாததற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாக நடப்பாள்.

தவரத்தினத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிறகென்ன? பால் திரையாட்டி மருமகள். என்ன கோசலை?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம், பாப்பம்" என்றாள் கோசலை. வேறு என்ன சொல்வது? ரோசாலி செம்புகளைப் பையில் வைக்கப்போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். "வைச்சிட்டுப் போ. கறுத்துக் கிடக்கு. மினுக்கித் தாறன்." மகனை யார் கட்டினாலும், தன் கடைச் செம்பு கறுப்பாகக் கோயிலுக்குப் போகக்கூடாது.

அடுத்த நாட்களில் கோசலை ஒன்றும் கேட்கவில்லை. சேந்தன்தான் தானாகச் சொன்னான். ரோசாலி தரையில் படுக்கிறாள். வேலையிடத்தில் தயிரும் சோறும் தனியே இருந்து சாப்பிடுகிறாள். ஐந்தாம் நாள் கோசலை மீன் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி, தனக்குப் போடாமல் மூடினாள்.

"அவள் பிடிக்கிற விரதம் எனக்குப் பிடிக்கேலாதோ?"

"அப்ப எனக்கும் மீன் இல்லையோ?" என்றார் தவரத்தினம்.

"உங்களுக்கு இருக்கு. உங்களுக்கு விரதமும் தெரியாது, வெக்கமும் தெரியாது."

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் கலண்டரைக் கழற்றி ஆணியைப் பிடுங்கினாள். தீவு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. ஆணியைக் கொஞ்சம் தள்ளி அடித்தாள். இந்த முறை நன்றாகப் பார்த்து, கடலில்தான் அடித்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் புளியைக் கரைத்தாள். இரண்டு செம்புக்கும் உள்ளும் புறமும் தடவி, ஊறட்டும், விடியத் தேய்த்துக் கழுவலாம் என்று கழுவுதொட்டியில் வைத்தாள். விடிந்து, தலை முழுகிவிட்டு வந்தபோது தொட்டி வெறுமையாக இருந்தது. தவரத்தினமும் இல்லை. சேந்தன் காரோடு வந்து இருவரையும் கொண்டுபோயிருந்தான், செம்பையும் தகப்பனையும்.

கோசலை வில்லெத் கால்வாய்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டு மொரிசியஸ் குடும்பங்கள் நின்றன. அவர்களுக்கு ஆறு வேண்டும். பாரிசில் நடக்கிற தூரத்தில் கிடைத்தது கால்வாய். ரோசாலி கடும் ரோஸ் நிறச் சேலையில், வெறுங்காலோடு நின்றாள். வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தாள். கோயில் வரும்வரை மௌனம். தோளில் பூவும் குருத்தோலையும் எலுமிச்சங்காயும் தொங்கிய காவடி. இரண்டு நுனியிலும் செம்பு. பால் விட்டு, வாழையிலையால் மூடி, நூலால் இறுகக் கட்டியாயிற்று. இனி சந்நிதியில்தான் அவிழ்ப்பார்கள்.

"இஞ்சேருங்கோ, செம்பைக் கழுவினனீங்களோ?"

"கழுவினன்."

"ரெண்டையும்?"

தவரத்தினம் யோசித்தார். "ஒண்டைக் கழுவினன். மற்றதைக் கழுவேக்கை இவன் ஹோர்ன் அடிச்சான். துணியாலை துடைச்சுப்போட்டுக் கொண்டுவந்தனான். பளபளவெண்டுதானே இருந்தது?"

"உள்ளுக்கை?"

"உள்ளுக்கை ஆர் பாக்கிறது?"

மேளம் தொடங்கியது. காவடி நகர்ந்தது.

கோசலை பக்கத்தில் நடந்தாள். இரண்டு செம்பும் ஒரே மாதிரி மினுங்கின. ஒன்றுக்குள் புளி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பால் திரையும், ரோசாலி சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள், சேந்தனுக்கு ஊரில் பெண் பார்க்கலாம். மூன்று மாதமாகக் கேட்டது கையில் வந்து விழுந்திருக்கிறது. வாயைத் திறந்தாலோ, வேண்டுமென்றே புளி போட்டாள் மாமி என்று லா சப்பல் முழுக்கக் கதைக்கும்.

தவரத்தினம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். காலடியில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை மறக்காமல் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்திருந்தார். நடைபாதையில் ஊற்ற, ஆவி பறந்தது.

"அங்கை சூட்டுக்குப் பச்சைத்தண்ணி. இஞ்சை குளிருக்குச் சுடுதண்ணி. முருகனுக்குக் கணக்கு விளங்கும்."

சந்தியில் சிவப்பு விளக்கு. காவடி நின்றது. ரோசாலியின் பாதங்கள் குளிரில் சிவந்திருந்தன. செம்புகள் ஆடவில்லை. இரண்டுக்கும் ஒரே பாரம் என்று நம்பித் தோளை நேரே வைத்திருந்தாள். பச்சை விழுந்தும், கடைசிக் குழந்தை வந்து சேரும்வரை அசையாமல் நின்றாள். பேருந்துச் சாரதி காத்துக்கொண்டிருந்தார். பால் கெட எவ்வளவு நேரம் கொடுக்கலாமோ அவ்வளவையும் அவள் கொடுத்தாள்.

கோசலைக்கு அதற்குமேல் முடியவில்லை. "முருகா, திரையாமல் வை" என்று வாய்க்குள் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கோயிலுக்கு வந்தார்கள். குருக்கள் நூலில் கை வைத்தார்.

"பொறுங்கோ ஐயா." கோசலையின் குரல் மேளத்துக்கு மேலே கேட்டது. "ஒரு செம்புக்குள்ளை புளி கிடக்கு. மினுக்க நான் தடவினது. இவர் கழுவேல்லை. திரைஞ்சிருந்தால் பிழை என்ரை. பிள்ளையின்ரை விரதத்திலை ஒரு குறையும் இல்லை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "வேணுமெண்டு செய்திருப்பா" என்றார்கள். அம்மா சொன்னதை இந்த முறை மட்டும் சேந்தன் மொழிபெயர்க்காமல் நின்றான். கோசலை அவனை முழங்கையால் இடித்தாள். பிறகு சொன்னான்.

ரோசாலி கண்ணை மூடித் திறந்தாள்.

குருக்கள் முதல் செம்பை அவிழ்த்தார். பால் வெள்ளையாக, பாலாக இருந்தது. வேலின்மேல் ஊற்றினார். இரண்டாவதை அவிழ்த்து உள்ளே பார்த்தார். செம்பை ரோசாலியிடம் நீட்டினார். கட்டி கட்டியாகத் திரைந்திருந்தது.

"அரைவாசிச் சம்மதம்" என்றார் தவரத்தினம். கோசலை பார்த்த பார்வையில் பிளாஸ்க்கை மூடினார்.

ரோசாலி வாய்க்கட்டை அவிழ்த்தாள். ஒரு விரலைச் செம்புக்குள் விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை வழித்து நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. பிறகு சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு செம்பு ஆடும் அளவுக்கு.

"என் அம்மாவும் புளிதான் போடுவார்" என்று பிரெஞ்சில் சொன்னாள். "ஆனால் கழுவுவார்."

இதற்குச் சேந்தன் தேவைப்படவில்லை. கோசலைக்கு விளங்கியது. செம்பை அவள் கையிலிருந்து வாங்கி, தன் சேலைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே தமிழில் கேட்டாள்:

"வாற வருசத் தைப்பூசத்துக்குச் செம்பை ஆர் மினுக்கிறது பிள்ளை, நீயோ நானோ?"