ஒரு கப்பலும் நாலு கறிமீனும்

குருநகரில் ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு ஸ்ரெல்லாவும் தம்பி றஜிந்தனும் தொலைக்காட்சியின் முன்னால் குந்திவிட்டார்கள். பழைய காலத்துத் துறைமுக நகரொன்றில் நடக்கும் வாள்சண்டை வீடியோ கேம் அது. துறையில் ஒரேயொரு கப்பல் விலைக்கு நின்றது, பன்னிரண்டாயிரம் வெள்ளி. முதலில் வாங்குகிறவர்தான் அதற்குச் சம்மாட்டி. மற்றவர் கடைசிவரை அதில் கூலியாள்.

ஸ்ரெல்லாவுக்கு அந்தக் கப்பல் வேண்டும். தம்பி பதினெட்டு வயதிலேயே கடலுக்குப் போய்விட்டான். அவளை ஒரு படகிலும் ஏற்ற எவரும் சம்மதித்ததில்லை. ஐஸ் கொம்பனியில் பற்றுச்சீட்டு எழுதுகிறாள். இந்தக் கப்பலாவது தன் சொற்படி ஓடட்டும் என்று ஒரு கிழமையாக மனத்துக்குள் வைத்திருந்தாள்.

றஜிந்தன் வாள்வீசிப் பதினோராயிரத்து ஐந்நூறு சேர்த்திருந்தான். ஸ்ரெல்லாவிடம் மூவாயிரத்து இருநூறுதான். ஆனால் அவள் கேமில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தாள். கூடையிலுள்ள நாற்பது மீனையும் வியாபாரிக்குக் கொடுத்து, அவன் எண்ணூறு வெள்ளியை நீட்டும்போது வரைபடத்தைத் திறந்தால் காசும் வரும், கூடையும் நிறைந்தபடியே இருக்கும்.

"அக்கா, உது பச்சைக் களவு!"

"அவனுக்கு எண்ணத் தெரியாட்டி நான் என்னடா செய்யிறது?"

பத்துத் தரம் விற்றாள். பதினோராயிரத்து இருநூறு. இன்னும் ஒரேயொரு தரம். அந்த நேரம் பார்த்து அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது.

"இஞ்சேருங்கோ, மீனை வில்லுங்கோ. அவன் காசை நீட்டேக்கை வரைபடம் திறக்க உந்த முக்கோணத்தை அமத்துங்கோ!" கொன்ரோலரைக் கணவன் கிறிஸ்ரியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்து பார்த்தால் பதினோராயிரத்துத் தொளாயிரத்து இருபது. கூடையில் நாலே நாலு மீன்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"முப்பத்தாறை வித்தனான். நாலைக் கறிக்கு எடுத்து வைச்சனான்."

"கறிக்கோ!"

"பின்னை? தொழிலாளியளுக்குக் கறிமீன் எடாமல் முழுக்க விக்கிறதோ?"

இருபது வருடம் கடலுக்குப் போன கை அது. கூடை முழுதும் கைமாறாததால் ஓட்டையும் வேலை செய்யவில்லை.

றஜிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு இன்னும் ஒரு சண்டை வென்றால் போதும். ஆனால் அவனுடைய வீரன் குற்றுயிராய்க் கிடந்தான்; உயிரேறச் சாப்பிடவும் ஒன்றுமில்லை.

"நாலையும் வித்தால் எண்பது வரும்," என்று முணுமுணுத்தாள் ஸ்ரெல்லா.

"கறிமீனை விக்கிறதோ? விசர்க்கதை கதையாதை," என்றான் கிறிஸ்ரி.

"அக்கா, எனக்குத் தாங்கோ அதை. பசியிலை சாகப்போறன்," என்று குறுக்கே விழுந்தான் றஜிந்தன்.

விற்கக் கிறிஸ்ரி விடப்போவதில்லை. கொடுத்தால்? ஸ்ரெல்லா தம்பியைப் பார்த்தாள். பிறகு நாலையும் கொடுத்தாள். வீரன் அவசர அவசரமாக விழுங்கி எழுந்து நின்றான்.

"இனி கப்பல் என்ரை!"

"எங்கை போறாய்? ஆரின்ரை கறிமீனைத் திண்டனி?" என்று மறித்தாள் ஸ்ரெல்லா.

றஜிந்தனின் விரல்கள் அப்படியே நின்றன. அவர்களுடைய கரையில், ஒருவர் கையால் கறிமீன் வாங்கினவன் அன்றைக்கு அவருடைய ஆள். வாங்கிவிட்டு வேறு படகுக்குப் போன ஒருவனைப் போன மாதம் ஊர் கேட்கத் திட்டியவனே றஜிந்தன்தான்.

"அத்தான், இது கேம் எல்லே?"

"கேம் எண்டாப்போலை? முள்ளோடையெல்லோ விழுங்கினனி!"

றஜிந்தன் தலையைச் சொறிந்தான். ஒரு பெருமூச்சு விட்டு, குறைந்த எண்பது வெள்ளியையும் அக்காவின் பையில் போட்டான். ஸ்ரெல்லா கப்பலை வாங்கி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அடுக்களைவரை கேட்கக் கத்தினாள்:

"நங்கூரத்தைத் தூக்கடா!"

"ஓம் சம்மாட்டி, தூக்கிறன். நாளைக்கு எட்டு மீனாத் தாங்கோ."