லுப்பின் நிற்கும் வீடுகளுக்கு ஓர் அறிவித்தல்

1

இந்தக் கதை எனக்குள் உதித்ததல்ல, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுதுகிறவர்கள் இதை வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். ஜன்னலோரம் நின்றேன், ஒரு வரி வந்தது என்றுதான் சொல்வார்கள். எனக்கு இது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கன்ரீனில், ரோல்ஸ் பொரிகிற சட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தரப்பட்டது.

தந்தவர் அனஸ்ரேசியா அக்கா. ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கம் இருக்கிறார், கன்ரீன் அவர் பொறுப்பு. நான் அங்கே எட்டாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பவன்.

"தம்பி, நீர் வருசா வருசம் ஆண்டு மலருக்குக் கதை எழுதுறனீரெல்லே?"

"ஓம் அக்கா."

"ஆரும் வாசிக்கினமோ?"

"கொஞ்சப் பேர்."

"அது காணும். மலர் எல்லா வீட்டுக்கும் போகுதுதானே. லுப்பினைப் பிடுங்கச் சொல்லி ஒரு கதை எழுதும்."

பிரசார எழுத்து என்று எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறேன். செடி பிடுங்குவதற்காக ஒரு கதை கேட்கப்பட்டது இதுதான் முதல் தடவை. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒரு ரோல்ஸைக் கையில் தந்துவிட்டார்.

2

தொடக்கம் ஒன்று:

"ஜூன் மாதத்தில் ஒஸ்லோவுக்குள் வரும் ரயில் பாதையின் இரு கரையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக—"

[நிறுத்திவிட்டேன். சுற்றுலாக் கந்தோர் எழுதியது மாதிரி இருந்தது.]

தொடக்கம் இரண்டு:

"அந்நிய மண்ணில் வேரூன்றிய அந்த மலரைப் போலவே அவளும்—"

[இதை அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டார்.]

"ஆர் இது, 'அவளும்'?"

"நீங்கள்தான் அக்கா. பூவும் வெளியிலிருந்து வந்தது, நாங்களும் வெளியிலிருந்து…"

"விசரே உமக்கு? நான் பூவே? எனக்குப் பாஸ்போட் இருக்கு. வெட்டும்."

வெட்டினேன். நல்ல உவமை என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா சொன்ன பிறகு பார்த்தால், புலம்பெயர்ந்தவன் எதைப் பார்த்தாலும் அதில் தன் முகத்தைத் தேடுகிற பழைய வியாதிதான் அது.*

* தகவலுக்காக மட்டும்: இந்த லுப்பினுக்குச் சொந்த இடம் வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம். அங்கே தோட்டக்காரர்கள் தங்கள் மண்ணின் பூ என்று அதைத் தேடி விதைக்கிறார்கள். நோர்வேயில் அது மற்றப் பூக்களை இருக்கவிடாமல் பரவுகிறது. ஆகவே இங்கே அதைப் புதிதாக நடவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. நான் ஒரு பக்கமும் பேசவில்லை.

3

லுப்பின் வெளியிலிருந்து வந்தது என்று அக்காவுக்கு நெடுநாளாகத் தெரியாது. அவர் இந்த நாட்டுக்கு வந்திறங்கியது ஒரு ஜூன் மாதம். பார்த்த இடமெல்லாம் லுப்பின். இது நோர்வேக்காரரின் சொந்தப் பூ என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அதை ஒருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. மாமரம் எங்களுடையதோ என்று நாங்கள் யாரிடமாவது கேட்டோமா?

வீட்டுப் பால்கனியில் வளர்க்கத் தொடங்கினார். இந்த இடத்தை ஆசையோடு எழுதுகிறேன், ஏனென்றால் அக்கா இதை ஆசையோடு சொன்னார். ரயில் கரையில் காய் கறுத்ததும் விதை பொறுக்குவார். விதை கல்லு மாதிரி இருக்கும், சும்மா போட்டால் முளைக்காது. சாண்ட்பேப்பரில் மெல்ல உரஞ்சி, இரவு தண்ணீரில் போட்டுவிட்டால் காலையில் ஊறின பயறு மாதிரிப் பருத்திருக்கும். அதற்குப் பூச்சட்டி சரிவராது. வேர் நேரே கீழே போகிற சாதி, கிண்டி இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு செத்துப்போகும். ஆகவே ஒரு லீற்றர் பால் பெட்டி. உயரமானது, கடதாசி. நடும்போது பெட்டியைக் கிழித்துவிட்டு மண்ணோடு அப்படியே குழியில் இறக்கலாம். முதல் வருடம் இலை மட்டும் வரும். பூவுக்கு அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும்.

இப்படி வளர்த்த கன்றுகளை என்ன செய்வது? எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடிபூரும் நாளில் வெறுங்கையோடு போகக் கூடாது. மற்றவர்கள் சுவர் மணிக்கூடு கொண்டுபோனார்கள். அக்கா லுப்பின் கொண்டுபோனார். "இந்த நாட்டிலை வீடு வாங்கினால் இந்த நாட்டுப் பூவும் நிக்கவேணும்" என்பது அவருடைய கொள்கை. அப்படித்தான் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் பல தமிழ் வீடுகளில் அந்தப் பூ நிற்கிறது. உங்கள் வீட்டிலும் நிற்கலாம். மணிக்கூடும் இருக்கும்.

4

போன ஜூனில் அக்காவின் குடியிருப்பில் டுக்னாட் நடந்தது. எங்கள் சிரமதானம்தான். எல்லோரும் இறங்கி வந்து கூட்டிப் பெருக்கி, கடைசியில் சேர்ந்து இருந்து வாஃபிள் தின்பார்கள். அக்கா ஒரு பெட்டி ரோல்ஸோடு இறங்கினார். பொறுப்பாளர் மாரித் எல்லோருக்கும் கையுறை கொடுத்து, இன்றைக்குக் காட்டோரத்து லுப்பினைப் பிடுங்குவோம் என்றாள்.

"ஏன்?" என்று அக்கா நொர்ஸ்க் மொழியில் கேட்டார்.

மாரித் விளக்கினாள். வடிவான பூதான், ஆனால் இங்கத்தையது அல்ல, பரவ விடக்கூடாத இனம். மற்றதுகளுக்கு இடம் கொடுக்காது.

அன்று முழுக்க அக்கா குனிந்து நின்று லுப்பின் பிடுங்கினார். வீட்டுக்குப் போய், பால்கனியில் நின்ற கன்றுகளைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்.

(இங்கே "அவர் கண்களில் நீர்" என்று எழுதியிருந்தேன். "அண்டைக்கு நான் அழேல்லை, இடுப்புத்தான் நொந்தது" என்று திருத்தினார்.)

5

இனி, அக்கா என்னிடம் முதலில் சொல்லாதது.

ஊரெல்லாம் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்ல என் கதை எதற்கு? வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதுமே. இதைக் கேட்டபோது அக்கா கன்ரீன் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசை.

"போட்டிட்டன். எல்லாரும் பாத்திட்டினம். ஒருத்தி மட்டும் என்னை புளொக் பண்ணி வைச்சிருக்கிறாள்."

அந்த ஒருத்தி அவருடைய தங்கை றொஷானி. நாலு வருடத்துக்கு முன் ரொம்மனில் வீடு வாங்கினார். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். குடிபூரலுக்கு அக்கா தன் கன்றுகளில் மிகவும் செழித்ததைத் தெரிந்தெடுத்து, இலை முறியாதபடி பால் பெட்டியோடு சேர்த்துப் பரிசுக் கடதாசியில் மேற்பக்கமும் தெரியாமல் சுற்றி மூடிக் கொண்டுபோனார். வாசலில் வாங்கியவர் றொஷானியின் கணவர் டானியல். பிடித்துப் பார்த்தார்: பால் பெட்டி. பால் காய்ச்சுவதற்கு அக்கா பால் கொண்டுவந்திருக்கிறா என்று பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார்.

தேவாலயத்துச் சுவாமி வந்து வீட்டை மந்திரித்தார். பால் காய்ச்சும் நேரம். டானியல் எடுத்துக் கடதாசியைப் பிரித்தார். உள்ளே மண்ணும் குளிரில் வாடிய இலையும். சபை சிரித்தது. றொஷானியும் சிரித்து, "என்ன அக்கா, றோட்டுக்கரையிலை நிண்டதே கிடைச்சுது?" என்றார்.

அக்கா சாப்பிடாமல் போய்விட்டார்.

இது வெளியாருக்கு விளங்காது. எங்களுக்கு விளங்கும். குடிபூரல் வீட்டில் கூடப்பிறந்தவள் கை நனைக்காமல் படியிறங்குவது சின்ன விஷயமல்ல. என்னைப் பார்த்து எல்லோருக்கும் முன் சிரித்தாள் என்பது அக்காவின் வழக்கு. என் புது வீட்டில் என் அக்கா சாப்பிடவில்லை என்பது தங்கையின் வழக்கு. இரண்டு பேரும் ஒரே தமிழ்ப் பூசைக்குத்தான் போகிறார்கள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் கை எட்டாத வாங்குகளாகப் பார்த்து அமர்கிறார்கள்.

"இப்ப பாரும், அவள் சொன்னதுதான் சரி. றோட்டுக்கரைப் பூத்தான். அதை நான் போய் அவளிட்டைச் சொல்லவேணும். எனக்கு வாய் வராது, தம்பி. நீர் எழுதும்."

6

றொஷானியை எனக்குத் தெரியாது. ஆகவே அவரை நானே செய்யத் தொடங்கினேன். முதல் வரைவில் அவர் பகட்டுக்காரி. நகை போட்டிருந்தார். உரத்துச் சிரித்தார். அக்காவின் செடியை அன்றைக்கே குப்பையில் எறிந்தார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறேனோ என்று ஒரு குறுகுறுப்பு. நடந்து போகிற தூரம்தானே, வேலியையாவது பார்ப்போம் என்று போனேன்.

வேலி நீளத்துக்கும் லுப்பின்.

ஒன்றல்ல. ஒரு வரிசை. காற்றில் சாயாமல் தடி நட்டு, துணி கிழித்துக் கட்டியிருந்தது. ஊதா மொட்டு விரியத் தொடங்கியிருந்தது. வாசற்படியில் பால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கன்று. தண்ணீர் வாளியோடு ஒரு பெண் வந்தார். நகை ஒன்றும் இல்லை.

"தமிழோ நீங்கள்?"

"ஓம். பூ வடிவாயிருக்கு."

"அக்கா தந்தது." உடனேயே சொன்னார். "பிழைக்காது எண்டுதான் நினைச்சன். குளிருக்கை கிடந்து வாடிப்போச்சுது. வைச்சுப் பாத்தன், வந்திட்டுது. பிறகு விதை எடுத்துப் போட்டன், ஒண்டும் முளைக்கேல்லை. பிறகுதான் அக்கா உரஞ்சி ஊறப் போடுறவ எண்டு ஞாபகம் வந்தது."

"அக்கா வந்து பாத்தவவோ?"

"அவவுக்கு நேரமில்லை." வாளியைக் கீழே வைத்தார். "ஒரு கண்டு கொண்டுபோறியளோ?"

நான் அதைப் பிடுங்கச் சொல்ல வந்த ஆள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்திருப்பீர்கள்?

எனக்கு அன்றைக்கு மனம் சரியாகவே இல்லை. ஒருத்தி பேசாமல் இருந்த வருடங்களெல்லாம் அக்காவை அந்த வேலிக்குள் வளர்த்திருக்கிறாள். நான் எழுதப்போகும் கதை அதைப் பிடுங்கச் சொல்லப்போகிறது.

7

அடுத்த சனிக்கிழமை கன்றைக் கன்ரீனுக்குக் கொண்டுபோனேன். கதைக்கு மூன்று முடிவுகளும் கையில் இருந்தன.

(அ) றொஷானி மலரை வாசித்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுக்கிறார்.

(ஆ) அக்கா பூசையில் வாங்கு மாறி இருந்து கை நீட்டுகிறார்.

(இ) ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல், ஜூலை வெயிலில் காய்கள் வெடித்து—

அக்கா என் தாளைப் பார்க்கவில்லை. பால் பெட்டியைப் பார்த்தார்.

"இது ஆரின்ரை?"

"றொஷானி அக்கா தந்தவ. வேலி முழுக்க நிக்குது. விதையை உரஞ்சி ஊறப் போட்டு, உங்களைப் போலவே."

சட்டியில் ஒரு ஈடு ரோல்ஸ் கருகியது. அக்கா திரும்பவில்லை. இந்த முறை அழுதார்; எழுதலாமா என்று கேட்டேன், எழுதும் என்றார்.

பிறகு என் மூன்று முடிவுகளும் இருந்த தாளை வாங்கி, பொரித்த எண்ணெய் வடிய அதன்மேல் ரோல்ஸை அடுக்கினார்.

"பிடுங்கச் சொல்லி எழுதாதையும். பிடுங்கத்தான் வேணும், அதை நானே அவளுக்குச் சொல்லுறன். நாலு வருசத்து வேர், தம்பி. ஒராள் கம்பி போட்டு நெம்பவேணும், மற்ற ஆள் அடியிலை பிடிச்சு இழுக்கவேணும். தனிய ஏலாது. நான் வாறன் எண்டு மட்டும் எழுதும்." கருகிய ரோல்ஸை ஒதுக்கிவிட்டு, "சாப்பிட்டிட்டுத்தான் போவன் எண்டும் எழுதும்" என்றார்.

8

எழுதிவிட்டேன்.

நீங்கள் றொஷானி இல்லையென்றால், உங்கள் வேலை சுலபம். வீட்டில் லுப்பின் நின்றால் காய் பிடிக்க முதல் வெட்டுங்கள், வேரோடு எடுங்கள், பையில் இறுக்கிக் கட்டிப் போடுங்கள். பசளைக் குவியலில் போடவேண்டாம். கொடுத்தவரோடு கோபிக்கவும் வேண்டாம்.

நீங்கள் றொஷானி என்றால், வேலிக்கு அருகே நின்று பூ வடிவென்று சொன்ன ஆள் நான்தான். நீங்கள் தந்த கன்றை நானும் பையில் கட்டத்தான் வேண்டும், இன்னும் மனம் வரவில்லை. இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை, இருந்ததெல்லாம் எண்ணெயில் ஊறிப்போயிற்று. அக்கா கம்பியும் கையுறையும் வாங்கி வைத்திருக்கிறார். எந்த நாள் வரலாம் என்று தெரியாமல் இருக்கிறார்.

காய் கறுப்பதற்கு முன் ஒரு நாளைச் சொல்லுங்கள்.